என் பெயரில் ஒரு வழக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயத்தில், திருவண்ணாமலையில் எனக்கு நடந்தது இது. நான் ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டுகிறேன். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை என்பதால், ‘இவர் மேல் வழக்கு எதுவும் இல்லை’ என்று போலீஸிடம் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னார்கள். ஹெல்மெட்டுக்குக்கூட அபராதம் கட்டாதவன் நான். தைரியமாக விண்ணப்பித்தேன்.

‘வழக்கு நிலுவையில் உள்ளது’ என்று பதில் வந்தது. கிணற்று மோட்டாரைத் திருடினேனாம்!

பள்ளி மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கையை நீட்டினார். வேன் சாவியைக் கேட்கிறார் என்பது புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா வேற ஆள் போட வேண்டியதுதான். பேரண்ட்ஸ் கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார்.

எனக்குச் சந்தேகப் புத்தி கூடவே பிறந்தது. முதலில் அது என் பங்காளி மேல் போனது. அவனுக்கும் எனக்கும் வரப்புத் தகராறு உண்டு. முந்தின வாரம் பெரிய தெருவில் பார்த்தபோது காரணமில்லாமல் சிரித்தானே, எதற்கு? பிறகு மேலாளர் மேல் போனது. அவர் மச்சான் வேலையில்லாமல் சும்மா இருக்கிறார், அதற்காக இருக்குமோ? தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, “தப்பா நெனச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னால ஏதாவது பண்ணீங்களா?” என்று கேட்டாள். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண் போலீஸ் ஒருவர் இருந்தார். பௌர்ணமி பந்தோபஸ்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், நான் நின்ற நிலையைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். இப்போது எல்லா ஸ்டேஷன் வழக்குகளும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன, யார் எங்கே என்ன செய்தாலும் இங்கே தெரிந்துவிடும் என்றார். அந்த வழக்கில் இருந்தவரின் பெயர் என் பெயர். அப்பா பெயர் என் அப்பாவின் பெயர். வயதில் ஒரு வருடம்தான் வித்தியாசம். தாலுகாவும் என் சொந்தத் தாலுகாதான்.

எனக்கு வைத்தது எங்கள் ஊர் மலையின் பெயர். அப்பாவுக்கு வைத்தது அதே மலையின் இன்னொரு பெயர். எங்கள் மாவட்டத்தில் இப்படி அப்பனும் பிள்ளையுமாக எத்தனை ஜோடி இருக்கிறது என்று அந்த மலைக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியப்போகிறது?

“அது நீங்க இல்லன்னு நான் நம்பறேங்க. நான் நம்பி என்ன ஆவுது? அந்தக் கேஸ்ல போட்டோவும் இல்ல, கைரேகையும் இல்ல. எழுதிப் போட்டா மேல போய் வர மாசக்கணக்கா ஆவும். அந்த ஆளே வந்து ‘அது நான்தான்’னு சொல்லிட்டா இன்னிக்கே முடிச்சுடலாம்” என்றார்.

எந்தத் திருடன் ஸ்டேஷனுக்கு வந்து ‘நான்தான் திருடன்’ என்பான்? இந்த அம்மா என்னைத் தட்டிக் கழிக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வழக்கில் இருந்த ஊரைக் கேட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து உள்ளே போகிற கிராமம் அது. போகும் வழியெல்லாம் மனதுக்குள் பெரிய மீசையும் சிவந்த கண்ணுமாக ஒரு ஆளை உருவாக்கி வைத்திருந்தேன்.

அங்கே வாசலில் வேர்க்கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் என்னைவிட ஒல்லி. கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தார். நான் என் பெயரைச் சொன்னதும் கேலி செய்கிறேன் என்று முறைத்தார். அப்பா பெயரையும் சொன்னதும் அவர் பார்வை என் காலுக்குப் போனது. மஃப்டி போலீஸோ என்று பூட்ஸைத் தேடியிருக்கிறார். தேய்ந்த ரப்பர் செருப்பைப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொன்னார்.

நான் முழுவதையும் சொன்னேன்.

“அந்தக் கேஸு எப்பவோ முடிஞ்சு போச்சே!” என்றார். “நாலு வருசம் கோர்ட்டுக்கு நடந்தேன். நான் எடுக்கலன்னு ஜட்ஜே சொல்லி விட்டுட்டாரு.”

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். “இனிமே ஸ்டேஷன் படி மிதிக்க மாட்டேன்னு மலையப் பார்த்து சத்தியம் பண்ணியிருக்காருங்க. தீந்துபோன வெனைய திரும்பக் கூப்புடாதீங்க. போயிட்டு வாங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கே எழுந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

கணவர் கடலையைக் கையால் பரப்பிக்கொண்டே, “வேல போயிடுமா?” என்று கேட்டார். திங்கட்கிழமை போய்விடும் என்றேன். “காலைல வரேன்” என்றார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

நான் நம்பவில்லை. என்னை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னார், வரமாட்டார் என்றே முடிவு கட்டியிருந்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோதும் அதே நினைப்புதான். ஆனால் சலவைச் சட்டையும் கையில் ஒரு பிளாஸ்டிக் கவருமாக அவர் இறங்கினார். உள்ளே கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே போய், கேட்பதற்கு முன்பே, “அது நான்தாங்க. இவரு இல்ல” என்றார். அவருடைய ஆதாரைப் பார்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். என் விஷயம் அவ்வளவு சீக்கிரத்தில் முடிந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

அதற்குள் அந்தப் பெண் போலீஸ் நிமிர்ந்தார். “உங்க மேல இன்னும் நிலுவைனுதாங்க இருக்கு. கோர்ட்டு விட்டது இதுல ஏறவே இல்ல.”

என்னோடு வந்தவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். “செங்கம் ரோட்டுல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வாட்ச்மேன் வேல கேட்டேன். போலீஸ்ல விசாரிச்சுட்டு சொல்றோம்னாங்க. அப்பறம் கூப்புடவே இல்ல. அதான் காரணமாம்மா?”

அந்த அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இதிலுள்ள வழக்குக் கணக்கைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு அதிகமாக ரோந்து அனுப்புவது என்றுகூட முடிவு செய்கிறார்கள் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“அதான் எங்க தெருவுல ஜீப்பு வந்து வந்து நிக்குதா!” என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரொம்ப நாள் விளங்காத ஒன்று விளங்கிய மாதிரி சொன்னார்.

அன்று மாலையே வேன் சாவி என் கைக்கு வந்தது. தீர்ப்பு நகலை மேலே அனுப்பிவைப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அவரோடு பல தடவை அலைந்துவிட்டேன். ஸ்டேஷனில் கோர்ட்டைக் கேட்கச் சொல்கிறார்கள், கோர்ட்டில் ஸ்டேஷனைக் கேட்கச் சொல்கிறார்கள். ‘சீக்கிரம் ஏறிடும்’ என்று இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். என் சந்தேகம் இப்போது பங்காளி மேலும் இல்லை, மேலாளர் மேலும் இல்லை. அந்த ‘சீக்கிரம்’ மேல்தான்.

எனக்காக ஸ்டேஷன் படி ஏறிய அந்த மனிதர் மேல் ‘நிலுவை’ என்ற அந்த ஒரு வரி இருக்கிறவரைக்கும், என் பெயரும் சுத்தமாகிவிட்டது என்று என்னால் நினைக்க முடியவில்லை.