கேஜில் வைத்த சந்தனப் பொட்டு

பெண் பார்க்கப் போன இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "தம்பி என்ன வேலை பாக்குறீக?" என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, "அரிசி மில்லுல பாய்லர் ஆபரேட்டர்" என்று ஒரு வரியில் முடித்திருந்தால், தட்டிலிருந்த பஜ்ஜியாவது சூடாக வயிற்றுக்குள் போயிருக்கும். சொல்லி முடிப்பதற்குள் பெண்ணே பேசிவிட்டாள். விளாங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள்.

"ஆறு வருசமா தொழிற்புரட்சி பாடம் எடுக்குறேன். நீராவி உலகத்தையே மாத்துச்சுன்னு சொல்றேன். ஆனா அது வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல, இட்லிச் சட்டியத் தவிர."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சை எழுதித் தேறி வாங்கிய வேலையை, சொந்தக்காரர்கள் 'அடுப்புக்கு உமி தள்ளுறவன்' என்றே சொல்லிவந்தார்கள். ஒரு டீச்சர் அதைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? ஆவியானால் தண்ணீர் ஆயிரம் மடங்குக்கு மேல் பருத்துவிடும், அதை இரும்புக்குள் அடைத்தால் எதையும் தள்ளும், முதலில் சுரங்கத் தண்ணீரை இறைத்தது, அப்புறம் ஆலையை ஓட்டியது, ரயிலை இழுத்தது என்று அள்ளி விட்டேன். எங்கள் மில்லில்கூட ஒரு காலத்தில் அரவை எந்திரத்தை ஓட்டியது ஆவிதான், இப்போது மோட்டார் வந்துவிட்டாலும் நெல் அவிக்க ஆவியை விட்டால் வேறு கதி இல்லை என்றேன். அவள் கண் விரிய விரிய, அவள் அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அம்புட்டையும் அடைச்சு வச்சா வெடிக்காதா தம்பி?"

"வெடிக்காதுங்க."

"நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் மத்த பேச்சு."

அவர் மேற்கே தோட்டம் துரவு வைத்திருக்கும் சம்சாரி. மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். மகளைக் கொடுப்பவர் பாய்லரைப் பார்க்கக் கேட்டது நியாயம்தான். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போச்சு. அவளை அவ்வளவு பிடித்துவிட்டது.

அவர்கள் மகளும் அப்பாவுமாக வருவதாகச் சொன்னது ஆயுத பூஜை அன்று. அவனியாபுரம் தாண்டி இருக்கும் எங்கள் மில்லில் அன்றைக்கு வேலை கிடையாது. ஆனால் தீபாராதனை நேரத்தில் ஆவியால் ஊதும் மில் சங்கை ஊத வேண்டும் என்பது முதலாளி வீட்டு வழக்கம். மற்ற நாளெல்லாம் சும்மா தொங்கும் அந்தச் சங்குக்காகவே கொஞ்சம் ஆவி பிடித்து வைப்போம். நானும் கொஞ்சமாகத்தான் பிடித்திருக்க வேண்டும். அவர்கள் ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள் என்ற சந்தோஷத்தில் உமியை அள்ளி அள்ளிப் போட்டேன்.

அதோடு விட்டேனா? கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு, மண்வெட்டி, விளக்குமாறு, தராசு, அடுப்புக் கதவு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தேன். கை பொட்டு வைத்தது, கண் வாசலைப் பார்த்தது. கேஜுக்கும் வைத்தேன். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும் கண்ணாடியில், முள்ளின் மேலேயே, அப்பம் மாதிரி ஒரு பொட்டு.

வந்தார்கள். அவள் மாம்பழ நிறச் சேலை. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

"இப்ப உள்ள எம்புட்டு இருக்கு?" என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். சந்தனம். பூஜையில் வைத்த பொட்டை, அதுவும் பெண் வீட்டார் முன்னால், அழிக்கலாமா? "அழுத்தம் ஒரு நாலு கிலோ இருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே சேப்டி வால்வு திறந்துகொண்டது. அது போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வெள்ளை ஆவி வானத்துக்குப் போனது. பெண்ணின் அப்பா துண்டை விட்டுவிட்டு வெளியே ஓடி, வாசலில் நின்ற நெல் லாரிக்குப் பின்னால் நின்றார்.

"வெடிச்சிருச்சா?"

"வெடிக்காம இருக்கத்தான் இப்படிக் கத்துது, மாமா!"

மாமா! இன்னும் வெற்றிலை பாக்குகூட மாற்றவில்லை. பூஜைக்கு வந்து நின்ற முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் உண்மையைச் சொன்னேன். "தப்பு என்னுதுதான். பொட்டு வச்சு முள்ள மறைச்சிட்டேன். நாலு கிலோன்னதும் பொய்யி. ஆனா மனுசன் மறந்தாலும் வால்வு மறக்காது."

"வா ஆத்தா, போவோம்" என்றார் அவர் லாரிக்குப் பின்னாலிருந்தே, மகளிடம்.

அவள் நகரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முந்தானையால் கேஜ் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். பொட்டுப் போயிற்று, முள் தெரிந்தது. எண்ணைச் சத்தமாகப் படித்தாள். "இது போதுமா, சங்கு ஊத?"

"போதும்."

தீபாராதனைக்கு மணி அடித்தது. முதலாளி தலையசைக்க, அவள் சங்கிலிருந்து தொங்கிய சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். அவனியாபுரமே திரும்பிப் பார்த்திருக்கும். ஒரு நிமிடம் ஊதினால் போதும், அவள் விடவே இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டே இழுத்தாள். நானும் குதித்தேன் என்று முதலாளி பிற்பாடு சொன்னார்.

அவள் அப்பா லாரியை விட்டு வந்து எங்கள் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். விரலை நீட்டினார், கையை விரித்தார், நெஞ்சைத் தட்டினார், மகளைக் காட்டினார், என்னைக் காட்டினார். சங்குச் சத்தத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆவி தீர்ந்து சங்கு இளைத்து நின்றபோது அவர் பேச்சில் கடைசித் துண்டு மட்டும் காதில் விழுந்தது.

"...அதனால தையிலயே முடிச்சிருவோம், மாப்ள."

அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. கல்யாணம் முடிந்து ஒருநாள் மாமாவிடமே கேட்டுப் பார்த்தேன். "நல்லதா ஒண்ணும் சொல்லல" என்றார்.