பதினாறு எழுத்துக்கு மேல்

எண்பதுகளின் பிற்பகுதியில் சேலத்தை ஒட்டிய ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தேன். பிரிவுத் தலைவரை முதல் வாரத்திலேயே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. நாமக்கல் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். மெஷினையும் தன் தோட்டம் மாதிரியே நினைத்தார். அவரைக் கேட்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மில்லுக்குப் புதிதாக ஒரு குடோன் திறந்தார்கள். தொல்லை அன்று ஆரம்பித்தது. லோடு போகும் ஊரை டைப் செய்து கேட் பாஸ் எடுத்துக் கொடுப்பவள் சேலம் கடைவீதித் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள். பிரிவில் இருந்த ஒரே முஸ்லிம் பெண். அந்த ஊர்ப் பெயரை அவள் ஆங்கிலத்தில் அடித்து முடித்ததும் மெஷினே நின்றுவிடும். அதோடு இணைத்திருந்த எல்லா டெர்மினலும் செத்துப்போகும்.

"கண்டதைத் தட்டி மெஷினைக் கெடுக்கறா," என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அவளை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பினார் தலைவர்.

"ஊர் பேரைத்தான் அடிச்சேன் அக்கா. வேற எதையும் தொடலை," என்றாள் என்னிடம். அவள் அழவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

மெஷினை இயக்கும் அடிநிரலை, அதாவது கெர்னலை, எடுத்துப் படித்தேன். பிரிண்டருக்காகத் தலைவர் அதில் தன் கையால் சேர்த்த பகுதி ஒன்று இருந்தது. ஊர்ப் பெயருக்குப் பதினாறு எழுத்து இடம் ஒதுக்கியிருந்தார். கொண்டப்பநாயக்கன்பட்டிக்கோ ஆங்கிலத்தில் இருபது எழுத்து. சி மொழியின் நகலெடுக்கும் ஃபங்ஷனோ இடம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. பெயர் முடியும்வரை எழுதிக்கொண்டே போகும். மிஞ்சிய எழுத்துகள் பக்கத்தில் இருந்த கெர்னலின் சொந்தக் கணக்கை அழித்து மெஷினை நிறுத்தின.

அந்த ஃபங்ஷனையே கெர்னலிலிருந்து தூக்கினேன். வாங்கும் இடத்தின் அளவைச் சொன்னால்தான் நகலெடுக்கும், கொள்ளாவிட்டால் மறுத்துவிடும் புதியது ஒன்றை எழுதினேன். பழையதைக் கூப்பிட்ட வரி எதையும் அதன்பின் மெஷின் ஏற்கவில்லை, கம்பைல் ஆகவில்லை. ஒவ்வொன்றையும் மாற்றி எழுதினேன். பெரும்பாலானவை தலைவர் எழுதியவை.

"ஏம்மிணி, என்ற புரோகிராமுல கை வைக்க உனக்கு ஆரு சொன்னது?" என்று வந்து நின்றார்.

"ஆரும் சொல்லலீங்க. மெஷின் நிக்கறது அதனாலதானுங்க."

"ஊர்ப் பேரைச் சுருக்கி அடிச்சாப் போச்சு. அதுக்கு இத்தனை கூத்தா?"

"நாளைக்கு வேற ஊர் வருமுங்க. அப்பவும் இன்னொருத்திய ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவீங்களா?"

சத்தம் கேட்டு மில் மேனேஜர் வந்துவிட்டார். அவர் பார்க்கவே பழைய கெர்னலில் நானே அந்தப் பெயரை அடித்தேன். மெஷின் நின்றது. புதியதைப் போட்டு மறுபடி அடித்தேன். பெயர் மிக நீளம் என்று திரையில் ஒரு வரி வந்தது. மற்ற டெர்மினல்கள் தம் பாட்டுக்கு ஓடின. இடத்தைப் பெரிதாக்கியதும் கேட் பாஸில் முழுப் பெயரும் விழுந்தது.

"இதையே வெச்சுக்கங்க. அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

அவள் திரும்பி வந்தாள். தலைவர் அவளிடம் சொன்னது, "சரி, போய் உக்காரு" மட்டும்தான். அவள் போய் அடுத்த கேட் பாஸை அடிக்க ஆரம்பித்தாள். அதற்குப்பின் அவர் எனக்குக் கொடுத்ததெல்லாம் பிரிண்டர் ரிப்பன் மாற்றும் வேலை. நான் எழுதிய ஃபங்ஷனைத் தன் வேலை என்று மற்ற மில்காரர்களுக்குக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். கடைசிவரை சொல்லவில்லை. அந்த ஆளை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.