எங்கள் ஸ்கூட்டரின் நிறம்

பலாபத்வல பஸ் நிறுத்தத்தில் இன்று காலை ஒரு பழைய த்ரீவீலர் வெள்ளைப் புகை விட்டுப் போனது. பெட்ரோலும் ஒயிலும் சேர்ந்து கருகிய அந்த வாடையில், அப்பா மெக்கானிக்காக இருந்த கராஜ் நினைவில் திரும்பி வந்தது. அது ரோட்டின் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட இப்போது தெரியவில்லை. இரண்டு பக்கமும் போன் கடைகள். அன்று அந்தக் கராஜுக்கு வந்ததெல்லாம் ஒரே இந்தியக் கம்பனியின் ஸ்கூட்டர்கள். உதைத்தால் உடனே கிளம்பாத வண்டியை அப்பா தன் பக்கம் சாய்த்து, பெட்ரோல் இறங்கும்வரை பிடித்திருந்து, நிமிர்த்தி மறுபடி உதைப்பார். படபடவென்று அது உயிர் பெற்றதும் என்னை முன்னால் நிற்கவைத்து நாலந்தா ரோட்டில் கொஞ்ச தூரம் போவார், கைப்பிடியின் நடுக்கம் என் பல்வரை ஏறும். ஆனால் எங்கள் ஸ்கூட்டர் ஒருமுறை நீலமாக நினைவில் வருகிறது, ஒருமுறை பச்சையாக, ஒருமுறை விளக்குக் கண்ணாடி உடைந்த சாம்பல் நிறமாக.

அம்மாவுக்கு போனில் கோல் எடுத்து, எங்கள் ஸ்கூட்டர் என்ன நிறம் என்று கேட்டேன்.

"நம்மகிட்ட ஏது ஸ்கூட்டரு? ரிப்பேர் பண்ணுனத ஒங்கப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பாரு. நீயும் தொத்திக்குவ."

"அப்ப வீட்டுக்கு எதுல வந்தோம்?"

"நடந்துதான். நீ அவரு தோள்லயே தூங்கிருவ."

இத்தனை நிறம் நினைவிருக்கும் எனக்கு, அந்தத் தோள் மட்டும் எப்படி இல்லாமல் போனது என்று தெரியவில்லை.