பேச்சித்தாய் கூட்டிய வெளிச்சம்

பேச்சித்தாய்க்குக் கழுத்து வலி வந்து எத்தனையோ வருஷமாகிறது. கோவில்பட்டி போட்டோ ஸ்டுடியோவில், பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் ஸ்கேனர் முன்னால் குனிந்து உட்கார்ந்தே வாங்கிய வலி. தைலம் தேய்ப்பாள், அடுத்த நெகட்டிவை எடுப்பாள். கலர் பிலிம் காலம் முடிந்தது என்று முதலாளி காளீஸ்வரன் ஸ்கேனருக்கு உறை போட்டு மூடியதும் உண்டு. சரி, இனி கழுத்துக்கு விடுதலை என்று பார்த்தால், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத் திடீரென்று பிலிம் ஆசை பிடித்துக்கொண்டது. கூரியரில் சுருள் சுருளாக வந்து விழுகிறது.

ஆசை இருக்கிற அளவுக்கு வெளிச்சம் பார்க்கத் தெரிகிறதா என்றால், அதுதான் இல்லை. உச்சி வெயிலில் ஆளைக் கரிசல் காட்டில் நிறுத்துகிறார்கள். பின்னால் வானம் பளீரென்று கிடக்கிறது. கேமரா அந்த வானத்தை நம்பி வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது, ஆள் அடுப்புக்கரியாகிவிடுகிறார். கலர் பிலிமில் வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனால் ஸ்கேன் செய்யும்போது சரிக்கட்டிவிடலாம். குறைந்துபோனால் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது, புழுதி அப்பின மாதிரிதான் வரும். இதைப் போனில் சொல்லிச் சொல்லி அலுத்து, சொல்வதையே விட்டுவிட்டாள்.

உள்ளூர்க்காரர்களிடம் இந்தத் தொல்லை கிடையாது, வேறு தொல்லை. காதுகுத்துப் படமோ கல்யாணப் படமோ, “முகத்தைக் கொஞ்சம் தூக்கி விடுங்க” என்பார்கள். தூக்குவது என்றால் வெளுப்பாக்குவது. கறுப்பாக்கித் தரச் சொல்லி இதுவரை ஒரு ஆள் வந்ததில்லை. அதனால் யாரும் கேட்காமலே அவள் கை மவுசைப் பிடித்து முகத்தை வெளுத்துவிடும். அப்படிப் பழகிப்போன கை.

மகள் வள்ளிமயில் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அப்பா வெயிலுமுத்துவை உரித்து வைத்தவள்; நிறமும் அவர் நிறம், நல்ல கறுப்பு. பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து போட்டோ வாங்கினார்கள், அதற்குப் பிறகு ஒரு பேச்சில்லை. மூன்றாவதாக நாகலாபுரம் பக்கத்திலிருந்து பார்வதியம்மாள் தன் மகன் பாண்டிராஜுக்குக் கேட்டுவிட்டாள். போனில் எடுத்தால் அதுவே முகத்தை வெளுத்துவிடுகிறது என்று வள்ளிமயிலுக்கு எரிச்சல். அவளிடம் ஒரு பழைய பிலிம் கேமரா உண்டு. லீவில் வந்தபோது வெயில் தாழக் காட்டுக்குப் போனாள். கேமராவை வானத்தைப் பார்க்கவிடாமல், அதற்கு முன்னால் தன் புறங்கையைப் பிடித்து வெளிச்சம் அளந்தாள். எல்லாவற்றையும் சரிசெய்து அப்பா கையில் கொடுத்து அமுக்கச் சொன்னாள்.

“எம்மா, ஒண்ணையும் ஏத்தாத, எறக்காத. இருக்கிறாப்ல ஸ்கேன் பண்ணு” என்று பஸ் ஏறும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

“சரிட்டீ, அப்படியே போடுதேன்.”

கழுவிய பிலிமை ஸ்கேனரில் வைத்ததும் பேச்சித்தாய் அசந்துபோனாள். இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு நெகட்டிவ் அவள் கைக்கு வந்ததில்லை. மகளுடைய கன்னத்தில் சாயங்கால வெயில் தங்கியிருந்தது. காலடியில் கரிசல் மண்ணின் வெடிப்புகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பெற்ற வயிறு குளிர்ந்துதான் போயிற்று. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. இந்த இடமும் போய்விட்டால்? முதலாளியும் சாப்பிடப் போயிருந்தார். மவுசைப் பிடித்தாள். இந்த முறை கைப்பழக்கம் இல்லை, தெரிந்தேதான் செய்தாள். முகத்தை ஏற்ற ஏற்ற மண்ணும் சேர்ந்து சாம்பலாகிக்கொண்டே வந்தது. அந்தப் படத்தைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அதற்காக வள்ளிமயிலும் ஊருக்கு வந்திருந்தாள். பாண்டிராஜ் வள்ளிமயிலைவிட ஒரு கை கூடுதலான கறுப்பு. காபி கொண்டு வந்த பெண்ணைப் பார்த்தான், குனிந்து தன் போனைப் பார்த்தான். தம்ளரை நீட்டிய வள்ளிமயிலும் அந்தப் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உள்ளே போனாள்.

கிளம்பும்போது பார்வதியம்மாள் பேச்சித்தாயைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மதினி, தப்பா நெனைக்காதிய. எம்மவனைப் பாத்திய, எங்களுக்கு நிறம் ஒரு பொருட்டா? இந்தப் புள்ளய உள்ளபடி அனுப்பியிருந்தா இன்னைக்கே பூ வச்சுட்டுப் போயிருப்பேன். ஒரு போட்டோலயே மறைக்கிய. பொறவு எதை நம்பிப் பேச?”

கார் தெரு முனை திரும்பும்வரை பேச்சித்தாய் வாசலிலேயே நின்றாள். வெயிலுமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போய்விட்டார்.

உள்ளே மகள் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஊருக்குப் போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“உனக்காகத்தான்ட்டீ செஞ்சேன். மொதல்ல போனவிய மாதிரி இவியளும் போயிரக் கூடாதுன்னு...”

“அந்த நெகட்டிவ் எங்கன இருக்கு?”

“எம் பையிலதான் இருக்கு. நாளைக்கே திரும்ப ஸ்கேன் பண்ணித் தாரேன். எதையும் தொட மாட்டேன், சத்தியமா.”

“வேண்டாம்மா, குடு. கோயம்புத்தூர்ல வேற கடையில போட்டுக்கிடுதேன்.”

குரலில் கோபமே இல்லை. பேச்சித்தாய் பையைத் துழாவி உறையை எடுத்து நீட்டினாள். வள்ளிமயில் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. பிலிமை உருவி, டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டாள்.