முன்னுக்கு இருக்க ஒரு ஆள்

இது நடந்த கதை. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் சனிக்கிழமை காலையில் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரனோடு வாயடித்துக்கொண்டு நிற்கும் சீனித்தம்பியரை மறித்து, "அண்ணை, அந்தப் பனி விசயம் உண்மையோ?" என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டிருக்கிற மனுசன் அப்படியே அடங்கிப்போவார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்ப்பார்.

இத்தாலியின் தெற்கே, பலெர்மோவில் ஏது பனி என்று கேட்பீர்கள். கடற்கரையில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். காரில் ஒன்றரை மணிநேரம் மலைக்கு ஏறினால் மாசி மாதத்தில் இடுப்பளவு கிடக்கும். அங்கே சல்வோ என்பவருக்கு ஓர் ஆட்டுப்பட்டி இருக்கிறது. சீனித்தம்பியர் வன்னியில் பதினாறு வயதிலிருந்து டிராக்டர் ஓட்டியவர். வயல் சேற்றில் ஓட்டினவனுக்குப் பனி ஒரு பொருட்டோ என்று பெரிய கதை கதைத்துக்கொண்டு, போன மாரிக் குளிரில்தான் அந்தப் பட்டிக்கு டிராக்டர் ஓட்டப் புதிதாகப் போனார்.

அங்கே அவருக்குத் துணை விமலராஜ். மட்டக்களப்புக்காரன், முப்பத்திரண்டு வயது, ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். மத்தியானம் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. போனில் பேசிய டொக்டர், குடல்வால் வெடித்திருக்கலாம், ஒரு நிமிடமும் வீணாக்காமல் கீழே கொண்டுவாருங்கள் என்றார். அம்புலன்ஸ் பட்டிக்கு ஏறாது. கீழே பெரிய ரோட்டில் சல்வோவுடன் காத்து நிற்கும். இடையில் இரண்டு கிலோமீற்றர் பனி.

பிற்பகல் 3.10. டிராக்டரின் பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, கம்பளியால் சுற்றி விமலராஜைக் கிடத்தினார். டிராக்டர் புறப்பட்டது.

3.22. பாதையில் தண்ணீர் அரித்த பள்ளம் ஒன்று பனிக்குள் மறைந்திருந்தது. முன்சில்லுகள் எப்படியோ தாண்டிவிட்டன. பின்சில்லுகள் இரண்டும் தொப்பென்று இறங்கின. சில்லு சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாய்ப் போனது. பெட்டியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சவளால் பனியை வெட்டி அள்ளிப் பார்த்தார். வெட்டின இடத்தை மறுபடி பனி மூடியது. போன் குளிரில் அணைந்துபோயிருந்தது.

"அண்ணை... ஏலாது அண்ணை..." பெட்டிக்குள்ளிருந்து முனகல் வந்தது.

"பொறு தம்பி. இந்தா எடுத்திடுவன்."

சொன்னாரே தவிர, அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. என் கையில் இந்தப் பெடியன் செத்துவிடுவானோ என்று பயந்தார். முனகலும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது...

3.40. "கட்டை கட்டினா வெளியிலை வரும், அண்ணை."

திரும்பினார். பத்தடி தூரத்தில் ஒருவன் நின்றான். மெல்லிய நீலச் சட்டை. தோளில் ஒரு கட்டை. அந்த மலையில் தமிழ் கேட்ட சந்தோசத்தில் சீனித்தம்பியர் வேறு ஒன்றையும் யோசிக்கவில்லை.

"தம்பி எவடம்?"

"இஞ்சைதான்."

கட்டை கட்டுகிற வேலை அவருக்குத் தெரியாததல்ல. வன்னியில் வயலில் டிராக்டர் மெசின் சேற்றில் புதைந்தால், பின்சில்லுகளுக்கு முன்னால் குறுக்காக ஒரு கட்டையைப் போட்டுச் சங்கிலியால் சில்லோடு பிணைப்பார்கள். சில்லு கட்டையில் ஏறி மிதித்துக்கொண்டு வெளியே வரும். ஆனால் விளையாட்டல்ல. கட்டை இறுகினால் மெசினின் மூக்கு மேலே கிளம்பி, ஓட்டுகிறவன் மேல் மல்லாக்கக் கவிழும். அதனால் பாரத்துக்கு ஒரு ஆள் மூக்கில் ஏறிக் குந்தவேண்டும்.

"ஆள் இல்லாமக் கட்டாதைங்கோ அண்ணை," என்றான் அவன். "நான் முன்னுக்கு இருக்கிறன்."

சீனித்தம்பியர் நனைந்த கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டையைப் பிடித்தார்.

கட்டை சுட்டது.

அடுப்பிலிருந்து இழுத்தெடுத்த விறகைப் போல ஒரு சூடு. புகை மணம். டிராக்டரில் கிடந்த சங்கிலியை எடுத்துச் சுற்றினார். கட்டையில் ஏற்கெனவே சங்கிலித் தடம் பதிந்திருந்தது. கண்ணிக்குக் கண்ணி சரியாக உட்கார்ந்தது...

அவர் கட்டி முடிக்கும்வரை அவன் பெட்டிப் பக்கம் போய் விமலராஜைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்து மூக்கில் ஏறிக் குந்தினான்.

3.58. கியரைப் போட்டார்.

க்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்...

மூக்கு ஒரு சாண் கிளம்பியது. 

அவன் முன்னுக்குச் சாய்ந்தான்.

மூக்கு இறங்கியது. யாரோ பத்துப்பேர் ஏறி அமர்ந்ததுபோல. டிராக்டர் வெளியே வந்தது.

சங்கிலியைக் கழற்றினார். கட்டையைப் பள்ளத்திலேயே விட்டு, அதன் மேலால் அதே சங்கிலியால் பெட்டியை இழுத்தெடுத்துக் கொழுவினார்.

"இறங்கு தம்பி. பெட்டியிலை ஏறு."

அவன் திரும்பவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவர் வாயிலிருந்து புகை புகையாய் மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவனுக்கு வரவில்லை.

அப்போதுதான் கீழே பார்த்தார். பனியில் ஒரே ஆளின் காலடிதான்.

அவருடையது.

நிறுத்த முடியாது. பின்னால் ஒரு உயிர் கிடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த நீல முதுகைப் பார்த்தபடியே ஓட்டினார்.

4.17. கடைசி வளைவு. அம்புலன்ஸின் நீல வெளிச்சம் தெரிந்தது. கையில் ஸ்டீயரிங் சட்டென்று இலேசானது...

மூக்கில் யாரும் இல்லை.

விமலராஜை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். அவன் சீனித்தம்பியரின் கையை இறுக்கிப் பிடித்தான்.

"அந்த அண்ணையையும் ஏத்துங்கோ."

"எந்த அண்ணை?"

"என்னைக் குனிஞ்சு பாத்தவர். சட்டை திறந்திருந்தது... அவருக்கு நெஞ்சு நசிஞ்சுபோய்க் கிடக்கண்ணை."

அம்புலன்ஸ் போய்விட்டது. விமலராஜ் அன்றிரவே ஒப்பரேசன் செய்து பிழைத்தான். இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார்களாம்.

ரோட்டில் சல்வோவும் சீனித்தம்பியரும் மட்டும் நின்றார்கள். நடந்ததைச் சீனித்தம்பியர் தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார். சல்வோ பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மாரிக்கு முன், இதே டிராக்டர், இதே பள்ளம். அமலன் என்று ஒரு தமிழன் தனியாக நின்றிருக்கிறான். 3.40க்குச் சல்வோவுக்குப் போன் எடுத்திருக்கிறான். "முன்னுக்கு உட்கார ஒரு ஆளை அனுப்புங்கள்," என்றானாம். டிராக்டரின் மூக்கில் உட்கார ஓர் ஆளா? சல்வோவுக்கு விளங்கவில்லை. பகிடி விடுகிறான் என்று சிரித்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று போனை வைத்திருக்கிறார்.

காலையில் போனபோது டிராக்டர் மல்லாக்கக் கிடந்தது. அடியில் அமலன். மெல்லிய நீலச் சட்டை.

"சில்லுகளில் ஏன் ஒரு கட்டை கட்டியிருந்தது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை," என்றார் சல்வோ.

சீனித்தம்பியர் அவர் பக்கம் குனிந்தார். "அந்தக் கட்டை இப்ப எங்கே?"

"பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தக் கிழமையே அடுப்பில் வைத்து எரித்துவிட்டேன்."

சீனித்தம்பியர் தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

இரண்டு உள்ளங்கைகளிலும் கரி அப்பியிருந்தது.