மேட்டுத் தெருவில் ஓட்டுக் கேட்ட வக்கீலம்மா

ஓய்வுபெற்ற மறு மாதமே ரீட்டா பேரூராட்சித் தேர்தலுக்கு மனு போட்டார். வீட்டில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. தம்பி செபாஸ்தியான் மட்டும் தன் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கோயிலு, ஜெபம்னு இருப்பன்னு பார்த்தா எலெக்சன்ல நிக்கிறியே யக்கா!"

காரணம் ஒரு குழாய். ரீட்டா செஞ்சி கோர்ட்டில் அரசு உதவி வழக்கறிஞராக இருந்தவர். கோடை வந்தால் மலையடிவாரத்து மேட்டுத் தெருவின் ஒற்றைக் குழாயடியிலிருந்து ஓர் அடிதடி வழக்காவது அவர் மேசைக்கு வந்துவிடும். கெட்ட வார்த்தை, குடத்தால் அடி, மண்டையில் தையல். அவர் வாதாடுவார், யாராவது தண்டனை பெறுவார்கள். அடுத்த வருடமும் அதே குழாயடி, பெயர்கள் மட்டும் வேறு. தண்டனையால் ஆகாததை இன்னொரு குழாய் சாதித்துவிடும் என்று ரீட்டா நம்பினார். குழாய் போட வைக்கக் கவுன்சிலர் ஆக வேண்டும்.

சுயேச்சையாக நின்றார். பூட்டு சாவிச் சின்னம் கிடைத்தது. எதிராளியின் மைக்குக்கு அது போதுமானதாக இருந்தது: "வக்கீலம்மாவுக்குப் பூட்டத்தான் தெரியும், தொறக்கத் தெரியாதும்மா!"

அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ரீட்டாவின் கோர்ட்டுப் பழக்கம்தான் காலை வாரியது. டீக்கடை ஆனந்தராஜ் ஆசையாக ஒரு குறையைச் சொன்னார்.

"மூணு மாசமா தெரு லைட்டே எரியலம்மா."

"பொங்கலுக்கு ராத்திரியெல்லாம் கோலம் போட்டாங்களே. அப்ப எரிஞ்சுதா, இல்லியா?"

"அன்னிக்கி... எரிஞ்சுது."

"அப்ப மூணு மாசம்னு சொன்னது தப்பு. ஒத்துக்கறீங்களா?"

ஆனந்தராஜ் செபாஸ்தியான் பக்கம் திரும்பினார். "இன்னாப்பா, ஓட்டு கேக்க வந்தீங்களா, என்ன உள்ள தள்ள வந்தீங்களா?"

மேட்டுத் தெரு ஓட்டு விழாவிட்டால் தோல்வி நிச்சயம். அந்தத் தெருப் பெண்கள் மங்கை சொல்வதைக் கேட்பார்கள். சுற்று ஊர்களுக்குக் களையெடுக்க ஆள் சேர்த்துப் போகிறவர் அவர். ஆனால் குழாயடி வழக்கொன்றில் அவருக்கே ரீட்டா தண்டனை வாங்கித் தந்திருக்கிறார். அபராதம், கோர்ட்டு கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். சண்டையில் நசுங்கிய பித்தளைக் குடத்தைக் கோர்ட்டில் தூக்கிக் காட்டியவரும் ரீட்டாதான்.

"அங்க மட்டும் போவாத யக்கா" என்றார் செபாஸ்தியான். ரீட்டா போனார்.

மங்கை வாசலிலேயே நிறுத்தினார். "வாம்மா. அந்தக் கொடத்தத் திருப்பி வாங்க நான் எத்தினி தபா அலஞ்சேன் தெரியுமா?"

"நான் ஜெயிச்சா இந்தத் தெருவுக்கு ரெண்டாவது குழாய் வரும். நீங்க அன்னிக்கு மொதல்ல அடிச்சது..."

"தோ, ஆரம்பிச்சிட்ட பாரு! அன்னிக்கும் அடிச்சியா, இல்லியானு அதையே கேட்ட. ஏன் அடிச்சன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

செபாஸ்தியான் மைக்கை அணைத்தார்.

"சரி" என்றார் ரீட்டா. "ஏன் அடிச்சீங்க?"

"தண்ணி வுடறது காலையில ஆறு மணிக்கி. சிங்கவரம் பஸ்ஸும் ஆறு மணிக்கி. பஸ்ஸ வுட்டா கூலி இல்ல. தண்ணிய வுட்டா ராத்திரி ஒல வைக்க முடியாது. அந்த நேரத்துல ஒருத்தி என் கொடத்த நவுத்தி வெச்சா கை சும்மா இருக்குமா? நீ பத்து கொழா போடு, அத்தனையும் ஆறு மணிக்கே வந்தா பத்து எடத்துல அடிச்சிக்குவோம்."

ரீட்டா குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பேச்சு நெடுநேரம் நடந்தது. கிளம்பும்போது ஓட்டுக் கேட்கவே அவர் மறந்துவிட்டார். செபாஸ்தியான்தான் ஆட்டோவிலிருந்து கத்தினார்: "பூட்டு சாவிம்மா! பூட்டு சாவி!"

மறுநாள் முதல் மைக்கில் வாக்குறுதி மாறியது. குழாய் அப்புறம். முதலில் மேட்டுத் தெருவுக்குச் சாயங்காலத் தண்ணீர்.

பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ரீட்டா ஜெயித்தார். "கேஸ் தோத்துட்டன்" என்று எதிராளியே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

பேரூராட்சியின் முதல் கூட்டத்தில் ரீட்டா கேட்டார், இரண்டாவது கூட்டத்திலும் கேட்டார். குழாய்க்கு இன்னும் அனுமதி வரவில்லை. நேரம் மட்டும் மாறியது. களைக்குப் போனவர்கள் பஸ் இறங்கி, கைகால் கழுவி, ஆற அமரக் குடம் எடுத்துவரும் நேரம். முதல் நாள் பார்க்க ரீட்டாவும் போயிருந்தார். வரிசையில் சலசலப்பு இல்லாமல் இல்லை. ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தைக் காலால் தள்ளினாள், இவள் அவளைத் திட்டினாள், அதற்குள் இருவருக்கும் தண்ணீர் நிறைந்துவிட்டது.

மங்கையின் முறை வந்தது. அதே பித்தளைக் குடம். விலாவில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. நிறைந்த குடத்தை விட்டுவிட்டு மங்கை இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னாம்மா கவுன்சிலரு, வேடிக்க பாத்துகினு? தூக்கி வுடு."

ரீட்டா குனிந்து குடத்தைத் தூக்கினார். புடவை பாதி நனைந்தது. பள்ளம் பட்ட பக்கம் மங்கையின் இடுப்பில் சரியாக உட்கார்ந்தது.