மூன்றுதரம் கேட்கிற கஸ்பர்

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் குடித்திருக்கிறான் என்று அர்த்தமா? அப்படிப் பார்த்தால் லண்டன் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் படியேறி, மூச்சு வாங்கக் கம்பியைப் பிடித்து நிற்கிற அத்தனை பேரும் குடிகாரர்தான். கஸ்பர் போத்தலைத் தொட்டதைக் கண்டவர் இருந்தால் முன்னால் வந்து சொல்லட்டும். வரமாட்டார்கள். வேலையை விட்ட அன்றைக்குக் கரண்டியை எறிந்துவிட்டுப் போனான் என்பதும் பொய். கழுவித் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனான்.

அவன் சமைத்த சாப்பாட்டுக்கடையை இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அப்போது ஐந்தே மேசை. குளிர்காலத்தில் சோற்று ஆவி கண்ணாடியில் படிந்து, வெளியே போகிற பஸ் வெறும் சிவப்பாகத் தெரியும். ஷிப்ட் முடித்த பெட்ரோல் ஷெட் ஆட்கள், விசாக் கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தவர்கள், எல்லாருக்கும் மத்தியானச் சோறு அங்கேதான். மெனு கிடையாது. அன்றைக்கு என்ன கறி என்று சமையல்காரன் கஸ்பரைத்தான் கேட்க வேண்டும். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் சைவக்காரரான முதலாளி இராஜேந்திரனுக்காக, வெள்ளிக்கிழமைச் சட்டியில் மீன் வாடை படவிடமாட்டான்.

சமைத்து முடிந்ததும் சோற்றுச் சட்டியோடு வெளியே வருவான்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடட்டே?"

"காணும் அண்ணை, போதும்."

ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வருவான். "கொஞ்சமாப் போடுறன், என்ன?"

"ஐயோ, காணும். வயிறு வெடிச்சா நீங்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

மூன்றாம் தரம் வாயைக் கேட்கமாட்டான், கையைப் பார்ப்பான். தட்டை மறைத்த கை இறுகியிருந்தால் நகர்ந்துவிடுவான். விரல் கொஞ்சம் விரிந்திருந்தால் சோறு விழும்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. தொண்ணூற்றொன்றில் லண்டனுக்கு வந்த புதிதில், அறை வாடகைக்கு விட்ட வெள்ளைக்கார மனுசி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இறைச்சியும் உருளைக்கிழங்குமாக ஒரு தட்டு. முடித்ததும், இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். பசி குடலைப் பிடுங்கியது. ஆனால் கேட்டவுடன் ஓம் என்று தட்டை நீட்டுகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டா? "நோ, நோ, தேங்க்யூ" என்றான். எப்படியும் திரும்பக் கேட்பாள் என்று தட்டுக்கு முன்னாலேயே இருந்தான். அவள் சிரித்துக்கொண்டே பாத்திரத்தைப் பிரிட்ஜில் வைத்துச் சாத்திவிட்டாள். நல்ல மனுசிதான். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் கதவு சாத்திய சத்தத்தை அவன் சிரித்துச் சிரித்துச் சொல்லுவான். ஆனால் தன் கடையில் ஒருவரும் அப்படி எழும்பிப் போகக்கூடாது என்பதில் அவனுக்குச் சிரிப்பே இல்லை.

இராஜேந்திரனுக்கு முழங்கால் விட்டுப்போனதும் மகள் அனோஜினி கடையை எடுத்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, கெட்டிக்காரி. அவள் வந்ததும் சோறு உள்ளேயே அளந்து தட்டில் வந்தது. "நீங்கள் சமையுங்கோ மாமா, வெளியில நான் பாக்கிறன்" என்றாள். கஸ்பர் இரண்டு கிழமை பொறுத்தான். தட்டு வெளியே கொடுக்கிற சுவர் ஓட்டையால் மேசைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, முதியோர் இல்லத்து யூனிபோமோடு ஒரு பெண் வந்தாள். புதுமுகம். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"அக்கா, இன்னும் சோறு வேணுமே?" என்றாள் அனோஜினி.

"காணும்."

அனோஜினி உடனே தட்டை எடுத்துவிட்டாள். கஸ்பர் சட்டியோடு வெளியே வந்தான்.

"பிள்ளை, தட்டை வை. அவவுக்குக் காணேல்லை."

"நான் கேட்டனான்தானே மாமா!"

"ஒருக்காக் கேட்டனி. ஒருக்காக் கேக்கிறதும் ஒரு கேள்வியோ?"

"எல்லாரையும் இப்பிடி வில்லங்கப்படுத்தினா ஆர் வருவினம்? இது கலியாணவீடில்லை மாமா, கடை. இனி வெளியில வராதேங்கோ."

கஸ்பர் தட்டை வாங்கி அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்தான். அவள் கையால் மறைத்தாள். விரல்கள் விரிந்திருந்தன. இரண்டு கரண்டி போட்டான், குழம்பும் விட்டான். உள்ளே போய்க் கரண்டியைக் கழுவி மாட்டினான். ஏப்ரனை மடித்து வைத்தான். எந்நாளும் பின்வாசலால் போகிறவன், அன்றைக்கு மேசைகளுக்கு நடுவே நடந்து முன்வாசலுக்கு வந்தான்.

அனோஜினிக்கும் மனம் கேட்கவில்லை. "மாமா, காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"வேண்டாம் பிள்ளை, பசியில்லை."

சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளிர்காற்று உள்ளே வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற சனம் பார்த்தது. ஒரு பஸ் வந்து ஆளேற்றிக்கொண்டு போனது. அப்போதும் நின்றான்.

"சரி மாமா" என்றாள் அனோஜினி, மேசையைத் துடைத்துக்கொண்டே.

கஸ்பர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தான்.